முள்ளைத் திருப்பியது யார்?

(“வானொலியில் எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியது நிலையமே? நேயரே?” என்ற பட்டிமன்றத்தில், ‘நேயரே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, பேசி முடித்த பிறகும் மைக்கை விட மனமில்லாமல் போய் உட்கார்ந்திருக்கிற எதிரணித் தம்பி அவர்களே! (சிரிப்பு) எதிரே அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பலகாரத்தோடு எங்களையும் சேர்த்து மென்றுகொண்டிருக்கிற நல்லவர்களே!

எதிரணித் தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். “நோயாளி கேட்பதையெல்லாம் டாக்டர் கொடுப்பாரா? நேயர் கேட்பதையெல்லாம் நிலையம் கொடுக்கலாமா?” என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு யோசித்தேன். நடுவர் அவர்களே, மருந்துக்கு டாக்டரைக் கேட்கலாம். சாப்பாட்டுக்குக்கூடவா டாக்டரைக் கேட்பது? பாட்டுக் கேட்கிறவன் என்ன, காய்ச்சல் வந்தா படுத்திருக்கிறான்? காலையில மாட்டைக் கறந்துக்கிட்டே கேட்கிறான். தறியில உட்கார்ந்துக்கிட்டே கேட்கிறான். அவனைப் போய் நோயாளி என்கிறாரே தம்பி! இந்த நினைப்புத்தான் ஐயா எல்லா வம்புக்கும் ஆரம்பம். (கைதட்டல்)

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. இந்த நாட்டிலேயே இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரு வானொலி, தன் நேயர்களையெல்லாம் நோயாளிகளாக நினைத்து, பாட்டையே மாற்றிப் பார்த்தது. அந்தக் கதையை இந்த மன்றத்தில் வைக்கிறேன். தீர்ப்பைக் கதையே சொல்லிவிடும். நடுவர் அவர்களுக்கு வேலை மிச்சம்.

நடுவர்: வேலை மிச்சம்னா சம்பளத்தையும் மிச்சம் பிடிச்சிடுவாங்கய்யா! (சிரிப்பு)

பிடிக்க மாட்டாங்க ஐயா, நாங்க பேசி வாங்கித் தர்றோம்!

1952-ஆம் ஆண்டு. சுதந்திரம் கிடைத்து ஐந்து வருஷம். தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வருகிறார் பி.வி. கேஸ்கர். படித்தவர், பாரீசில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர், சங்கீதத்தில் உண்மையான பக்தி உள்ளவர். பத்து வருஷம், 1962 வரைக்கும் அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்கு ஒரு கவலை. சினிமாப் பாட்டு நாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது, மேல்நாட்டு மெட்டுகள் நுழைகின்றன, நம்முடைய பழைய சங்கீதம் அழிந்துவிடும் என்பது அந்தக் கவலை. கவலைப்பட்டதில் தப்பே இல்லை. எந்த வீட்டில் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் கேட்கிற பாட்டு பிடித்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? என் பாட்டைக் கேட்டால் எங்கப்பா முகத்தைச் சுளித்தார். இன்றைக்கு என் மகன் கேட்கிற பாட்டுக்கு நான் சுளிக்கிறேன். இந்தச் சுளிப்பு மட்டும் பரம்பரை பரம்பரையாகப் பட்டா மாறி வருகிற சொத்து! (சிரிப்பு)

அவர் என்ன செய்தார்? அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு நேரத்தைக் குறைத்தார். மொத்த நேரத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கூடாது என்றார்கள். அதோடு விட்டார்களா? பாட்டு எந்தப் படத்தில் வருகிறது என்று சொல்லக் கூடாது, பாடியவர் பேரை மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். படத்தின் பேரைச் சொன்னால் அது இலவச விளம்பரமாம்! தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. “எங்க படத்துப் பேரைச் சொல்ல மாட்டீங்களா? அப்ப எங்க பாட்டையும் போடாதீங்க” என்று அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச மாதத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போய்விட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள் ஐயா. அமைச்சருக்கும் தயாரிப்பாளருக்கும் சண்டை. நடுவில் பாட்டை இழந்தவன் யார்? ரெண்டு பேருமே கேட்காத ஒருத்தன். நேயர்! மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தால் அன்றைக்குப் பட்டினி கிடப்பது யார்? அந்த வீட்டு ஆம்பிளைதானே! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, நேயர்கள் என்ன செய்தார்கள்? கொடி பிடித்தார்களா? கல்லெறிந்தார்களா? கிடையாது. ரேடியோவில் ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் கண்ணாடிக்குப் பின்னால் முள் நகரும். அந்த முள்ளை மெதுவாக நகர்த்தினார்கள். அவ்வளவுதான். கடல் தாண்டி இலங்கை கேட்டது!

இலங்கை எப்படி இத்தனை தூரம் கேட்டது? இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்பில் ஒரு வானொலி நடத்தினார்கள். ஆசியா முழுக்கச் சிதறிக் கிடந்த வீரர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சக்தி வாய்ந்த சிற்றலைக் கருவிகளை நிறுவினார்கள். போர் முடிந்தது. 1949-இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆனது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. சண்டைக்காக வைத்த கருவி, சந்தோஷத்துக்குத் தயாராக நின்றது. அந்த நேரம் பார்த்து நம்ம ஊர்க் கதவைச் சாத்தினார்கள்.

1952 டிசம்பரில் ரேடியோ சிலோனில் இந்தித் திரைப்பாடல்களுக்காக ‘பினாகா கீத்மாலா’ என்று ஒரு நிகழ்ச்சி. நடத்தியவர் அமீன் சயானி. 2024-ஆம் ஆண்டு மறைந்தாரே, அவரேதான். வேடிக்கையைப் பாருங்கள். பாட்டு பம்பாய்ப் பாட்டு. பேசுகிறவர் பம்பாய்க்காரர். பதிவு செய்வது பம்பாயில். பற்பசை விளம்பரம் கொடுக்கிறவரும் பம்பாயில். ஒலிநாடாவை விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பி, அங்கேயிருந்து ஒலிபரப்பி, அதை மறுபடியும் பம்பாய்க்காரன் கேட்கிறான்! அடுத்த வீட்டுக்குக் குழம்பு கொடுக்க வெளியூர் போய்த் திரும்பி வந்த மாதிரி. (சிரிப்பு) முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்தது என்று அமீன் சயானி சொல்லியிருக்கிறார். பிற்பாடு அது வாரத்துக்கு 65,000 வரை போனதாம். ஐயா, இந்த 9,000 கடிதமும் எங்கே போயிருக்க வேண்டியது? நம்ம நாட்டு நிலையத்துக்கு வந்திருக்க வேண்டியது. கேட்க ஆளில்லாத இடத்துக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

அப்போது ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. கணக்கெடுக்கப் போனார்களாம். பத்து வீட்டில் ஒன்பது வீட்டு ரேடியோவில் சிலோன் பாடிக்கொண்டிருந்ததாம். “அப்பாடா, பத்தாவது வீட்டிலாவது நம்ம ஸ்டேஷனா?” என்று போய்ப் பார்த்தால், அந்த வீட்டு ரேடியோ ரிப்பேர்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நம்ம தமிழ்நாட்டுக்கு அடுத்த வீடே இலங்கைதானே! அங்கே தமிழிலேயே வர்த்தக சேவை. எஸ்.பி. மயில்வாகனன், அவருக்குப் பின்னால் மின்னல் வேகத்தில் பேசுகிற கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது... இந்தப் பேர்களைச் சொன்னதும் முன் வரிசையில் நரைத்த தலைகள் எல்லாம் ஆடுகிறது பாருங்கள்! (கைதட்டல்) ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டுத்தான் எத்தனையோ வீட்டில் விடிந்தது. பிறந்தநாள் வாழ்த்தில் யார் யார் பேரோ வாசிப்பார்கள். முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்காக இங்கே ஒரு கிழவி, “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதுவாள். இந்த ஒட்டுதல் எப்படி வந்தது? “உனக்கு என்ன வேணும்?” என்று ஒரு குரல் கேட்டதால் வந்தது.

இங்கே இன்னொரு கணக்கு. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1980-கள் வரைக்கும் இருந்தது. ஆக, நேயர் காசு கட்டுவது நம்ம அரசாங்கத்துக்கு. பாட்டுக் கேட்பது பக்கத்து நாட்டில். காசு வாங்கும்போது நேயர் பெரிய மனுஷன், பாட்டுக் கேட்கும்போது மட்டும் ஒண்ணும் தெரியாத நோயாளியா? (கைதட்டல்)

எதிரணியில் ஒரு அம்மா கேட்டார்கள்: “சபாவுக்குப் போக முடியாத ஏழைக்கும் உயர்ந்த சங்கீதம் கிடைக்கட்டும் என்றுதானே அப்படிச் செய்தார்கள்?” நியாயமான கேள்வி அம்மா. மறைக்காமல் சொல்கிறேன். கேஸ்கர் காலத்தில்தான் 1952-இல் தேசிய இசை நிகழ்ச்சி வந்தது. 1954-இல் வானொலி சங்கீத சம்மேளனம் வந்தது. பண்டிட் ரவிசங்கர் நடத்திய வாத்திய பிருந்தா வந்தது. நிலையங்களில் மெல்லிசைப் பாடல்கள் வந்தன. ஒரு கிராமத்து வாத்தியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டே பெரிய வித்வான்களின் கச்சேரியைக் கேட்டார். அதுக்காக அவருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். கொடுத்ததற்குக் கும்பிடு. பிடுங்கியதற்குத்தான் கேள்வி!

ஏழை ஏழை என்றீர்களே அம்மா, அந்த ஏழையின் வீட்டுக்கே வாங்க. பணக்காரர் வீட்டில் கிராமபோன் இருந்தது. ரேடியோவில் போடவில்லையா, தட்டை வாங்கிச் சுழல விட்டுக்கொள்வார். நடுத்தர வீட்டில் ரேடியோ இருந்தது. முள்ளை நகர்த்திக்கொண்டார்கள். கிராமத்து ஏழைக்கு என்ன இருந்தது? பஞ்சாயத்து ரேடியோ. சாயங்காலம் ஒருத்தர் வந்து அறையைத் திறந்து, ரேடியோவைப் போட்டு, அடைத்துவிட்டுப் போவார். கம்பத்துக் குழாயில் எது வருகிறதோ அதுதான். சாவி அவர் கையில், திருகு அவர் கையில். நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்து, மரத்தடியில் காலை நீட்டி உட்கார்கிற பெண்ணுக்கு எந்த முள் இருக்கிறது நகர்த்த? சினிமாவுக்குப் போகக் காசு கிடையாது. அவளுக்கு என்று இருந்த ஒரே பாட்டு, காற்றில் இலவசமாக வருகிற பாட்டு. நல்லது செய்கிறோம் என்று கிளம்பியவர்கள் கடைசியில் யாருடைய பாட்டை எடுத்தார்கள்? எதிர்த்துப் பேசவும் முடியாத, எழுதவும் தெரியாத, திருப்பவும் திருகு இல்லாத அந்த அம்மாவின் பாட்டை! இதைத்தான் ஐயா என்னால் ஜீரணிக்க முடியவில்லை. (கைதட்டல்)

இன்னொரு வேடிக்கை. சினிமாப் பாட்டு சங்கீதத்துக்கு விரோதி என்றார்கள். தமிழ் சினிமாவைப் பாருங்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடினார். பாபநாசம் சிவன் பாட்டு எழுதினார். நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை 1940-இல் ‘காளமேகம்’ படத்தில் நடித்தார். அதே வருஷம் ‘சகுந்தலை’யில் ஜி.என். பாலசுப்ரமணியமும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜோடி. சபா வாசலை மிதித்தே பார்க்காதவன் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டே ராகத்தை முணுமுணுத்தான் என்றால், அந்த ராகத்தை அவனிடம் கொண்டுவந்து சேர்த்தது சினிமாப் பாட்டு. பேர் தெரியாமல் பாடினான், ஆனால் சுருதி தப்பாமல் பாடினான். மாடிக்கு ஏறுகிற படிக்கட்டை இடித்துவிட்டு, “ஏன் யாரும் மாடிக்கு வரலை?” என்று கேட்டால் எப்படி? (கைதட்டல்)

கடைசியில் என்ன நடந்தது? 1957 அக்டோபர் 3-ஆம் தேதி அகில இந்திய வானொலியே ‘விவித் பாரதி’யைத் தொடங்கியது. எதற்கு? எந்தப் பாட்டை வேண்டாம் என்று விரட்டினார்களோ, அதே சினிமாப் பாட்டைப் போடுவதற்கு! அமைச்சர் யார்? அதே கேஸ்கர்! ஐந்து வருஷத்தில் நேயர்கள் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசாமல், முள்ளை நகர்த்தியே ஓர் அரசாங்கத்தைத் திருப்பிவிட்டார்கள். 1967-இல் விவித் பாரதியில் விளம்பரமும் வந்தது. 1989-இல் அந்தக் கீத்மாலாவே கொழும்பிலிருந்து விவித் பாரதிக்கு வந்து சேர்ந்தது. கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை முப்பத்தாறு வருஷம் கழித்துத் தலைதீபாவளிக்கு வந்த மாதிரி! (சிரிப்பு)

இதில்தான் ஐயா நம்ம வழக்குக்கே விடை இருக்கிறது. விவித் பாரதி வந்த பிறகு தேசிய இசை நிகழ்ச்சி செத்துப்போச்சா? இல்லையே! அது ஒரு பக்கம் நடந்தது, ‘தேன்கிண்ணம்’ ஒரு பக்கம் நடந்தது. கச்சேரி கேட்கிறவர் கச்சேரி கேட்டார், சினிமாப் பாட்டுக் கேட்கிறவர் அதைக் கேட்டார். ரெண்டையும் கேட்டவர்கள்தான் அதிகம். ஆக, ஒன்றை வளர்க்க இன்னொன்றை அடைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இலையில் புதுசாக ஒரு கூட்டு வைக்கலாம். வேண்டாம் என்று எந்த நேயரும் சொல்ல மாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சோற்றை எடுத்துவிட்டு, “கேழ்வரகுதான் உடம்புக்கு நல்லது” என்று வைத்தால், கேழ்வரகு மேலேயே வெறுப்பு வரும். கேழ்வரகு என்ன பாவம் செய்தது? சங்கீதம் என்ன பாவம் செய்தது? (கைதட்டல்)

‘அதெல்லாம் பழைய கதை, இன்றைய உலகத்துக்கு ஒத்து வருமா’ என்று எதிரணி கேட்கலாம். அதனால் இந்த நூற்றாண்டுக் கதை ஒன்று, லண்டனிலிருந்து. அங்கே பி.பி.சி. 2002-இல் ‘6 மியூசிக்’ என்று ஒரு நிலையம் தொடங்கியது. மற்ற இடத்தில் அதிகம் கேட்காத பாட்டுகளைப் போடுகிற நிலையம். 2010 மார்ச்சில், செலவைக் குறைக்க அதை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அப்போது அதைக் கேட்டவர்கள் சுமார் 7 லட்சம் பேர். மூடப் போகிறோம் என்ற சேதி பரவியதும், “அப்படி என்னதான் போடுகிறார்கள்?” என்று கேட்க ஆரம்பித்து, 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கடிதம் எழுதினார்கள், மனு போட்டார்கள். பி.பி.சி.க்கு மேலே அப்போது ஓர் அறக்கட்டளை இருந்தது. லைசென்ஸ் கட்டுகிற மக்கள் சார்பில் கேள்வி கேட்பது அதன் வேலை. அது மக்கள் கருத்தைக் கேட்டது. ஜூலை மாதம், மூடக் கூடாது என்று சொல்லிவிட்டது. நிலையம் பிழைத்தது.

ரெண்டு கதைக்கும் வித்தியாசம் என்ன? 1952-இல் நேயரை யாரும் கேட்கவில்லை. அவர் வேறு நாட்டுக்குக் காதைத் திருப்பினார். ஐந்து வருஷம் வீணாகப் போனது. 2010-இல் கேட்டார்கள். நாலே மாதத்தில் முடிந்தது. கேட்டால் மாதக் கணக்கு, கேட்காவிட்டால் வருஷக் கணக்கு!

(நடுவர் மணி அடிக்கிறார்)

முடிக்கிறேன் ஐயா. கடைசியாக ஒன்று. “நேயர் கையில் விட்டதால்தானே இன்றைக்கு எஃப்.எம்.மில் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள்?” என்று தம்பி கேட்டார். தம்பி, அது நேயர் விருப்பமா? நீங்க கேட்டீங்களா? நான் கேட்டேனா? ஒரே பாட்டை ஒரு நாளைக்கு ஆறு தடவை போடுங்கள் என்று எந்த நேயர் எழுதிப் போட்டார்? அது விளம்பரதாரர் விருப்பம். அன்றைக்கு நேயர் பேரைச் சொல்லி அரசாங்கம் முடிவு செய்தது. இன்றைக்கு நேயர் பேரைச் சொல்லி வியாபாரம் முடிவு செய்கிறது. ரெண்டு இடத்திலும் இல்லாத ஒரே ஆள் நேயர்தான். அவரை உள்ளே கூப்பிடுங்கள் என்றுதான் எங்கள் அணி கேட்கிறது. கூப்பிட்டுப் பார்த்தால் தெரியும். ஒருத்தருக்குத் தேவாரம் வேண்டும், ஒருத்தருக்குக் கிராமியப் பாட்டு வேண்டும், ஒருத்தருக்குப் பழைய பாட்டு, ஒருத்தருக்கு நேற்று வந்த பாட்டு. நேயர் என்பவர் ஒருத்தர் இல்லை ஐயா, ஊரே அவர்தான். ஊருக்கு ஒரே ருசி எப்படி இருக்கும்?

ஆகவே நடுவர் அவர்களே, நிலையம் புதுசாகக் கொடுக்கட்டும், வரவேற்போம். நல்லது என்று எடுத்துச் சொல்லட்டும், காது கொடுத்துக் கேட்போம். மாற்றம் வேண்டுமா? முன்கூட்டியே சொல்லட்டும், எங்களையும் கேட்கட்டும். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற பாட்டை, கேட்கிறவனுக்கு அறிவில்லை என்று சொல்லிப் பிடுங்குகிற உரிமை எந்த நிலையத்துக்கும் கிடையாது. திருகு இருக்கிறவன் முள்ளைத் திருப்பிவிடுவான். திருகு இல்லாத அந்த மரத்தடி அம்மாவுக்காகத்தான் இந்த மன்றம் பேச வேண்டும். வானொலியில் எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியது நேயரே, நேயரே என்று சொல்லி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)